மரகதத்தின் டி டிரைவ்

ஜூலை 29, சனி

கல்லூரி ஆய்வகத்தில் நாற்பதாவது கணினியும் இன்று லினக்ஸுக்கு மாறியது. பதினோரு வருடச் சண்டை. காசு கொடுத்து வாங்காத விண்டோஸைப் போட்டுக்கொண்டு, 'இது உண்மையான பிரதி அல்ல' என்று திரை மூலையில் வரும் எச்சரிக்கையைக் காலண்டர் சாமி படம் மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி இது. நான் வெறும் ஆய்வக உதவியாளன். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள முனைவர் பட்டம் கிடையாது. ஆனாலும் தூத்துக்குடியில், லினக்ஸ் மாதிரி யாரும் காசில்லாமல் எடுத்துத் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்றால் ஆவுடையப்பனைத்தான் கை காட்டுவார்கள். இயற்பியல் துறைத் தலைவர் அருள்வளன் வந்து பார்த்துவிட்டு, "நீரு இல்லன்னா இது நடந்திருக்காதுவே" என்றார். அவர் துறையிலிருந்து இதுவரை ஒரு கணினிகூட மாறவில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

வீட்டில்தான் தோல்வி. மரகதத்தின் மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ். என் மனைவி அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். உப்பளத்துப் பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எட்டு வருடமாக ஆய்வு செய்கிறாள். ஆய்வேட்டைக் கொடுக்கச் செப்டம்பர் 30 கடைசி நாள். ஏற்கனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. பட்டம் கையில் வந்தால் நிரந்தர வேலைக்கு மனுப் போடுவாள். நானும் 2009-இல் பதிவு செய்தவன்தான். வழிகாட்டி சரியில்லை, விட்டுவிட்டேன். அது வேறு கதை.

ஆகஸ்ட் 2, புதன்

மொட்டைமாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் மரகதம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, லேப்டாப்பு மாடு மாதிரி அசஞ்சு அசஞ்சு ஓடுது. வைரஸ்னு என்னமோ வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

விண்டோஸ் என்றால் அப்படித்தான் என்றேன்.

"அத விடுங்க. முப்பத்தி நாலு பேரு பேசுனது பூராவும் அதுக்குள்ளதான் கெடக்கு. நெட்டுல ஏத்தி வச்சிருதேனே. எங்க காலேஜ்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க."

போன வருடமும் இதையேதான் கேட்டாள். நானும் போன வருடம் சொன்னதையேதான் சொன்னேன். நெட்டில் ஏற்றுவது என்றால் முகம் தெரியாத ஒருவனுடைய கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுவது. கூலிக்கு உப்பு வாரும் பெண்களின் பேச்சை ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களுடைய உரிமையைப் பற்றி ஆய்வு எழுதுவது நன்றாகவா இருக்கிறது? நகல் நானே எடுத்துத் தருகிறேன் என்று போன வருடம் சொல்லியிருந்தேன். ஆய்வக வேலையில் தள்ளிப்போய்விட்டது.

"அப்ப நீங்களாவது எடுத்து வைங்க. போன்ல இருந்தத இடம் பத்தலன்னு அழிச்சுட்டேன்."

"சனிக்கிழமை எடுத்துருவோம்."

"எடுத்து வச்சாப் போதும், வேற எதையும் மாத்திராதீங்க, என்ன? இன்னும் ரெண்டே மாசம். பொறவு உங்க லினக்ஸப் போட்டு ஆசை தீர ஆடிக்கோங்க."

நான் தலையாட்டினேனா இல்லையா என்று சரியாக நினைவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

மாதா கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. மரகதம் ஏழு மணி பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போயிருக்கிறாள், கடைசி அத்தியாயத்தை அச்செடுத்து வழிகாட்டியிடம் காட்ட. மடிக்கணினி என் மேசையில்.

காலை 10.15. திறந்து பார்த்தேன். எழுந்து நிற்கவே ஆறு நிமிடம். இதை வைத்துக்கொண்டு இவள் இத்தனை வருடம் வேலை பார்த்ததே பெரிது. நகல் மட்டும் எடுத்து வைத்துவிட்டு நோயை அப்படியே விடுவது என்ன வைத்தியம்? விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்திலேயே லினக்ஸும் இருக்கட்டும் என்று சிலர் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி. பத்தே நாளில் பழைய இடத்துக்கு ஓடிவிடுவார்கள். எடுத்தால் வேரோடு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

10.40. அவளுடைய 'டாகுமெண்ட்ஸ்' கோப்புறையை முழுதாகப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு லினக்ஸை நிறுவத் தொடங்கினேன்.

11.30. முடிந்தது. முழுக்கத் தமிழ்த் திரை. லிப்ரே ஆபீஸ் போட்டு, அவள் பழகிய தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்து, பின்னணியில் முத்துநகர் கடற்கரைப் படத்தை வைத்திருக்கிறேன். பதினெட்டு நொடியில் எழுந்து நிற்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் அசந்துவிடுவாள்.

12.05. கோப்புகளைத் திரும்ப வைக்கப் பென் டிரைவைத் திறந்தேன். ரேஷன் கார்டு. மின்கட்டண ரசீது. இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். அவ்வளவுதான்.

நான் பதினைந்து வருடமாக என் சொந்த வேலை எதையும் விண்டோஸில் பார்க்காதவன். லினக்ஸில் ஒரு ஆளுடைய சொத்தெல்லாம் ஒரே கோப்புறைக்குள் இருக்கும். ஆனால் இந்த ஊரில் கணினி வைத்திருப்பவர்கள் யாரும் முக்கியமானதை டாகுமெண்ட்ஸில் வைப்பதில்லை. கணினி ரிப்பேர்க் கடைக்காரர் வந்தால் சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவார், டி டிரைவைத் தொடமாட்டார். அதனால் கல்யாண வீடியோவிலிருந்து வீட்டுப் பத்திரம் வரைக்கும் டி-யில்தான். டி-யில் இருந்தால் பத்திரம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சி, டி என்பதெல்லாம் ஒரே டிஸ்க்குக்குள் விண்டோஸ்காரன் போட்ட கோடு, கோட்டை நம்பாதீர்கள் என்று நான் மேடை போட்டுப் பேசியிருக்கிறேன்.

மரகதத்தின் ஒலிப்பதிவுகள் டி-யில் இருந்தன. முழு டிஸ்க்கிலும் இப்போது லினக்ஸ் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

டிஸ்க் பழுதாகிவிட்டது. ஆறு வருடப் பழசு, சுழலுகிற ரகம். யோசித்துப் பார்த்தால் கோளாறு முன்பே இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு மெதுவாக ஓட வேண்டும்?

நேற்று மாலை தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்டு களைத்துப்போய் வந்தாள். வழிகாட்டிக்குக் கடைசி அத்தியாயம் பிடித்துவிட்டதாம். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"நகல் எடுக்கலாம்னு திறந்தேன், டிஸ்க் போயிருச்சு. என்ன பழுதுன்னு பாக்கத்தான் லினக்ஸப் போட்டேன்."

"போயிருச்சுன்னா?"

"ஒண்ணும் எடுக்க முடியல."

"இசக்கியம்மா பேசுனது?"

"எல்லாந்தான்."

கைப்பை தோளில் கிடக்க அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் உப்பளத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவர். மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். போன மார்ச்சில் இறந்துபோனார். மரகதத்தின் நாலாவது அத்தியாயம் முழுவதும் அவர் பேச்சுதான். வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் போயிருந்த முதல் இரண்டு அத்தியாயங்களும் கையில் இருந்த கடைசி அத்தியாயமும் தப்பின. நடுவில் மூன்று அத்தியாயங்கள், முப்பத்தி நான்கு பேருடைய குரல்கள்.

நான் சொன்னதை அவள் நம்பினாள். கணினி என்று வந்துவிட்டால் இந்த வீட்டில் என் வாக்குத்தான் வேதவாக்கு.

இன்று சீலா மீன் வாங்கினேன். அவள் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

மடிக்கணினியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். அழிந்ததை மீட்க வேண்டுமானால் முதல் விதி, கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். டிஸ்க்கில் அதற்குமேல் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. புதிதாக எழுதாதவரை பழையது அடியில் கிடக்கும். முதலாண்டு வகுப்புக்கு வருடாவருடம் நான்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் டிஸ்க் பழுது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. பழுது எங்கே என்று கேட்டால் காட்ட ஒரு கெட்ட இடமாவது வேண்டும். டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்த்து, கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. அதை ஓட விட்டிருக்கிறேன். இரண்டு நாள் ஆகும்.

ஆகஸ்ட் 9, புதன்

சோதனை முடிந்தது. அது லினக்ஸையும் சேர்த்துத் துடைத்துவிட்டதால் மறுபடி நிறுவினேன். கெட்ட இடங்கள்: பூஜ்யம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மதுரையில் அழிந்த கோப்புகளை மீட்டுத்தரும் கடை ஒன்று இருக்கிறதாம். அவளுடைய கல்லூரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரில் ஒருவருக்குச் சங்கடம் வந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள்.

"நான் பாக்காததையா அவன் பாக்கப் போறான்?"

"பாக்கட்டுமே. கும்பிடுத சாமி ஒண்ணுன்னாலும் இன்னொரு கோயிலுக்கும் போறதில்லையா?"

போவதில் பயனில்லை என்று எடுத்துச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போவதாக அவள் சொன்னாள். நானும் வருவதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, சனி

மதுரை. கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். ரபீக் என்று ஒருவர், முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். டிஸ்க்கைக் கழற்றி அவருடைய கணினியில் மாட்டி ஒரு மணி நேரம் பார்த்தார். மரகதம் அந்த ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, டிஸ்க்கு கம்ப்ளைண்டே இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப உள்ள இருந்ததெல்லாம்?"

"இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் மேல எழுதி அழிச்சிருக்காங்க. இனிமே யாரு வந்தாலும் எடுக்க முடியாது. லினக்ஸு போட்ட அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டுத் தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா முக்காவாசி எடுத்துக் குடுத்திருப்பேன்."

"யாரு எழுதுனது?"

ரபீக் என்னைப் பார்த்தார். அப்புறம் டிஸ்க்கைத் துடைத்து உறையில் போட்டார். "அது எனக்கெப்படிக்கா தெரியும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது என்மேல் இரக்கப்பட்டு. மதுரைக்காரன் ஒருவனின் இரக்கத்தில் நான் நிற்க வேண்டியதாகிவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பஸ் எட்டயபுரம் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "ஏங்க, டிஸ்க்கு தானா அப்படி அழிஞ்சுக்கிடுமா?"

"சில சமயம் அப்படி ஆகும்."

"சரி" என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பேசாமல் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. தோசைக்குச் சட்னியா பொடியா என்று கேட்டாள். பொடி என்றேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நாலு நாளாக விடியற்காலையில் உப்பளத்துக்குப் போகிறாள். விட்டதை மறுபடி பிடிக்கலாம் என்று நினைப்பு. முப்பத்தி நான்கு பேரில் ஒன்பது பேர் திரும்பப் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். சிலர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி கேட்டாளாம்: "அன்னைக்கு அழுது அழுது சொன்னேனே டீச்சர், அத எங்க போட்டீங்க? இன்னொரு மட்டம் அழச் சொல்லுதீங்களாக்கும்?"

இதை என்னிடம் சொல்லும்போது மரகதத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. காலில் உப்புத்தண்ணீர் பட்டுப் புண்ணாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் நீள நோட்டில் பேனாவால் எழுதுகிறாள். மடிக்கணினியில் எழுதினால் சீக்கிரம் முடியுமே, இப்போது எவ்வளவு வேகமாக ஓடுகிறது தெரியுமா என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து எழுதினாள்.

செப்டம்பர் 2, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. அருள்வளன் கூப்பிட்டார். செப்டம்பர் 16 மென்பொருள் விடுதலை நாள், கல்லூரிக் கலையரங்கில் விழா, நான்தான் சிறப்புப் பேச்சாளர். மேடையிலேயே ஒரு கணினியில் லினக்ஸை நிறுவிக் காட்ட வேண்டுமாம். தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: 'ஒளிவு மறைவு இல்லாத கணினி.'

செப்டம்பர் 11, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். மரகதம் கேட்ட மூன்று மாத நீட்டிப்புக்கு இசைவில்லை. வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு முறை படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். பாத்திரம் கழுவப் போனாள்.

"முதல்ல இருந்து வரணுமாம்" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். "முடிக்கையில அம்பது வயசு ஆயிரும். அப்ப யாரு வேலை குடுப்பா?"

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடம், சரியாக ஒரே ஒரு நிமிடம், இனிமேல் இந்த வீட்டில் பட்டமில்லாதவன் நான் மட்டுமில்லை என்று தோன்றியது. தோன்றியபோது இதமாக இருந்தது. இந்த வரியை அடித்துவிடலாம் என்று அதன்மேல் பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மையாக இருக்க வேண்டாமா?

செப்டம்பர் 14, வியாழன்

மரகதம் விழாவுக்கு வருகிறேன் என்றாள், நான் கூப்பிடாமலே. பதினோரு வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் வந்தவளில்லை. "நீங்க வெளிய எப்படிப் பேசுவீங்கன்னு நான் பாத்ததே இல்லையே" என்றாள். கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 16, சனி

மாலை ஐந்து மணி. மரகதம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. காலையில் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கலையரங்கில் முந்நூறு பேர். மரகதம் மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலி. அருள்வளன் என்னை வானளாவப் புகழ்ந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்கு நீங்க இந்தத் திரையில பாக்கப்போற தமிழ் இருக்கே, ஒவ்வொரு வரியும் நம்ம ஆவுடையப்பன் சார் மொழிபெயர்த்தது. உலகத்துல எந்த மூலையில எந்தத் தமிழன் இத நிறுவுனாலும் அவர் எழுதுன தமிழத்தான் வாசிக்கணும்" என்றார். உண்மைதான். இரண்டு கோடை விடுமுறைகளை அதற்குக் கொடுத்தேன். மரகதத்துக்கு இது தெரியாது. அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நன்றாகத்தான் பேசினேன். மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். நம்மிடம் கேட்காமல் எதையும் செய்யாது, செய்வதை மறைக்காது, அதுதான் இதன் அறம் என்றேன். கைதட்டினார்கள். பிறகு பழைய கணினி ஒன்றை மேசையில் வைத்து நிறுவத் தொடங்கினேன். ஒவ்வொரு படியும் பெரிய திரையில் தெரிந்தது. மொழி, நேரம், விசைப்பலகை. அடுத்தது டிஸ்க். இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவவா, முழுதாக அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. பழக்கத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எச்சரிக்கை வந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன்.

மரகதம் எழுந்து நின்றாள். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செவப்புல வந்திருக்கே, அந்த வரிய வாசிச்சுக் காட்டுங்க."

கீழே யாருக்கும் அவள் யாரென்று தெரியாது. அருள்வளனுக்குத் தெரியும், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். "இந்த டிஸ்க்கில் சி, டி உள்ளிட்ட எல்லாப் பகுதிகளும், அவற்றிலுள்ள அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும்."

"இது எப்பவும் கேக்குமா? சில சமயம் கேக்காமலும் போயிருமா?"

"எப்பவும் கேக்கும்."

"எத்தன தடவ?"

முன்வரிசையில் இருந்த கணினித் துறை மாணவிகளுக்குப் பதில் தெரியும். பொய் சொல்லவும் வழியில்லை. "ரெண்டு தடவ. சரின்னு சொன்ன பொறவும் இன்னொரு தடவ கேக்கும்."

"ரெண்டு தடவையும் இதே மாதிரி தமிழ்லதானா?"

"தமிழ்லதான்."

"நீங்க எழுதுன தமிழ்."

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். மைக்கைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனாள். அழவில்லை, வேகமாகவும் போகவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை. மாட்டிக்கொண்டோமே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. வெட்கம் இப்போதுதான், எழுத எழுத வருகிறது.

அருள்வளன் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, எவ்வளவு முக்கியமான கேள்வி! நிறுவுததுக்கு முன்னால எல்லாரும் இந்த வரிய நல்லா வாசிக்கணும்ங்கிறத அந்த அம்மா எவ்வளவு அழகா எடுத்துக் குடுத்துட்டாங்க" என்றார். முன்பே பேசி வைத்து நடத்திய நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. எனக்கு இதுவரை யாரும் அவ்வளவு நேரம் தட்டியதில்லை.

"சார், மேல போங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். முந்நூறு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சரி' என்பதை அழுத்தினேன். இரண்டாவது முறையும் கேட்டது. மறுபடியும் 'சரி' என்பதை அழுத்தினேன்.